கடைசி பிளாக்குக்குப் படம் போய்ச் சேர: பூஸ்டரா, தடித்த கேபிளா, ஃபைபரா?

சென்னை ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் தாண்டி ஆறு பிளாக் கொண்ட ஒரு குடியிருப்பு. கேபிள் ஆபரேட்டரின் ஃபைபர் வாசல் செக்யூரிட்டி அறை வரை வந்து ஒரு நோடில் முடிகிறது. அந்த நோடு ஒளியை ஆர்எஃப், அதாவது ரேடியோ அதிர்வெண் மின் சிக்னலாக மாற்றித் தர, அங்கிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் கோஆக்சியல் கேபிள் ஓடுகிறது. வாசலை ஒட்டிய ‘ஏ’ பிளாக்கில் எந்தக் குறையும் இல்லை. 300 மீட்டர் தள்ளிப் பின்சுவரோரம் நிற்கும் ‘எஃப்’ பிளாக்கில் சில சானல்கள் நன்றாக வருகின்றன, சில கட்டம் கட்டமாக உடைகின்றன, சில வருவதே இல்லை. சங்கத்தின் மேசையில் மூன்று கொட்டேஷன். ‘எஃப்’ பிளாக் மொட்டை மாடியில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஒரு பூஸ்டர் போடுவது ஒன்று. பழைய ஆர்ஜி-6 கேபிளை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த ஆர்ஜி-11 இழுப்பது இன்னொன்று. பிளாக்குக்கு ஒரு ஃபைபர் என்பது மூன்றாவது. விலையும் இந்த வரிசையிலேயே ஏறுவதால் கமிட்டியில் பாதிப் பேர் முதல் தாளில் கையெழுத்துப் போடத் தயார்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 300 மீட்டருக்கு ஃபைபர்தான். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் என்றால் நல்ல ஆர்ஜி-11 போதும். இப்போதிருக்கும் கேபிளை அப்படியே விட்டுவிட்டு அதன் கடைசி முனையில் பூஸ்டர் மாட்டுவது மட்டும் வேண்டாம். ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லாமே டெசிபெல். லைன்மேன் வாயில் வெறும் ‘டிபி’.

கேபிள் எவ்வளவு தின்கிறது

3 டிபி போனால் சிக்னலின் சக்தி பாதி. 10 டிபி போனால் பத்தில் ஒன்று. 20 போனால் நூறில் ஒன்று. 60 டிபி போனால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம். டிபி கணக்கில் இழப்பைக் கழிக்கலாம், ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தைக் கூட்டலாம். நோடின் வெளியீட்டை 100 டிபி மைக்ரோவோல்ட் (ஒரு மைக்ரோவோல்ட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் மட்டம்) என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் செட்-டாப் பாக்ஸுக்கு 50-லிருந்து 70-க்குள் கிடைத்தால் அது நிம்மதியாக வேலை செய்யும்.

கேபிள் டிவி ஓடும் பட்டை ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 862 மெகாஹெர்ட்ஸ் வரை. ஓரளவு நல்ல ஆர்ஜி-6 கேபிள் நூறு மீட்டருக்கு 55 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5.3 டிபியும், 862-இல் சுமார் 20 டிபியும் தின்னும். சிக்கலின் வேர் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் செம்பின் உள்ளே போகாமல் தோலோடு தோலாக ஓடுகிறது. 50 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் 9 மைக்ரான் போல. 862-இல் 2 மைக்ரானுக்குச் சற்று மேல். ஓடும் பாதை மெலிந்தால் தடை கூடும். இதனால் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளை நுரைக் காப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

300 மீட்டர் ஆர்ஜி-6 வழியாகப் போனால் 55 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் கீழ்ச் சானல் 100-லிருந்து 84-க்கு இறங்குகிறது. 862-இல் இருக்கும் மேல்ச் சானல் 100-லிருந்து 40-க்கு விழுகிறது. ஒரே கம்பியின் முனையில் 44 டிபி சாய்வு. ‘எஃப்’ பிளாக்கில் சில சானல் நன்றாகவும் சில வராமலும் இருப்பது இதனால்தான். டிஜிட்டல் கேபிளில் ஒரு சானலுக்கு ஓர் அலைவரிசை என்று கிடையாது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில் (சுமந்து செல்லும் அலையில்) 64-க்யூஏஎம் என்ற டிஜிட்டல் முறையில் நொடிக்கு 38 மெகாபிட் அளவுக்கு அடைத்து, அதில் பத்துக்கு மேற்பட்ட சானல்களை ஒன்றாக அனுப்புகிறார்கள். அந்தக் கேரியர் மூழ்கினால் அதில் இருக்கும் எல்லாச் சானலும் கூட்டமாக மூழ்கும். எந்தச் சானல்கள் சேர்ந்து போகின்றன என்று ஒரு தாளில் எழுதி, அவற்றின் அதிர்வெண்ணைப் பாக்ஸின் மெனுவில் பார்த்துக் குறித்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். மேல் அதிர்வெண் மட்டும் போனால் கேபிளின் நீளம்தான் காரணம். கீழ் அதிர்வெண் மட்டும் போனால் எங்கோ ஒரு கனெக்டரில் நடுக்கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்; இடைவெளி ஒரு கெப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும், மேல் அதிர்வெண் தாண்டிவிடும், கீழ் தாண்டாது. அதற்குப் பூஸ்டரும் வேண்டாம், ஃபைபரும் வேண்டாம். ஒரு கனெக்டர் போதும்.

அனலாக் காலத்தில் ‘எஃப்’ பிளாக்காரர் புள்ளி புள்ளியாகவாவது பார்த்திருப்பார். சென்னை 2003-லேயே கட்டணச் சானல்களைப் பாக்ஸ் வழியாக மட்டும் திறக்கும் சிஏஎஸ் முறையில் செட்-டாப் பாக்ஸைக் கண்ட ஊர் என்பதால் அந்தப் புள்ளிப் படத்தைப் பலரும் மறந்தே போயிருப்பார்கள். டிஜிட்டலில் நடுநிலை இல்லை. சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 26, 28 டிபி மேலே இருக்கும்வரை படம் சுத்தம். அதற்குக் கீழே இறங்கியதும் ஒன்றுமில்லை.

பூஸ்டர்: எங்கே மாட்டுகிறோம் என்பதே கேள்வி

“சார், எஃப் பிளாக் மாடில ஒரு பூஸ்டர் போட்டுட்டா போதும் சார், படம் அள்ளிடும்.”

“ஏம்ப்பா, போன தடவையும் இதையேதானே சொன்ன?”

“அது சின்ன மாடல் சார். இது பெருசு.”

பல குடியிருப்புகளில் இந்த உரையாடல் நடந்திருக்கும். அந்த லைன்மேன் பொய் சொல்லவில்லை. பூஸ்டர் போட்டதும் பாக்ஸின் மெனுவில் ‘ஸ்ட்ரெங்த்’ கோடு ஏறுவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் ‘குவாலிட்டி’ கோடு அசையாததைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

காரணம் இது. எந்தக் கம்பியிலும், எந்தச் சர்க்யூட்டிலும் வெப்பத்தால் பிறக்கும் ஓர் இரைச்சல் உண்டு. 75 ஓம் மின்மறிப்புள்ள டிவி கேபிளில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு, அறை வெப்பத்தில் அது சுமார் 4 டிபி மைக்ரோவோல்ட். இதற்குக் கீழே யாராலும் போக முடியாது, இயற்கையின் தரை அது. சாதாரண ஆம்ப்ளிஃபையர் தன் பங்குக்கு ஒரு 8 டிபி சேர்க்கும். ஆகவே அதன் உள்ளீட்டில் இரைச்சலின் மட்டம் 12. ‘எஃப்’ பிளாக்கில் வந்து சேரும் மேல்ச் சானல் 40. வித்தியாசம் 28. இப்போது 30 டிபி பெருக்கும் பூஸ்டரை மாட்டினால் சிக்னல் 70 ஆகும், இரைச்சலும் 42 ஆகும். இடைவெளி அதே 28. மங்கலான ஜெராக்ஸைப் பெரிதாக்கினால் எழுத்தோடு புள்ளியும் பெரிதாவதுபோல. 28 என்பது பாக்ஸ் தாங்கும் எல்லையின் விளிம்பு. ஒரு கனெக்டர் துருப்பிடித்தாலோ, ஒரு வெயில் நாள் வந்தாலோ விளிம்பிலிருந்து விழும்.

அதே பூஸ்டரை நடுவழியில், 150 மீட்டரில் மாட்டினால் என்ன ஆகும்? அங்கே மேல்ச் சானல் 70-இல் இருக்கிறது. இரைச்சலுக்கும் அதற்கும் 58 டிபி இடைவெளி. 30 பெருக்கி மறுபடி 100 ஆக்கி அனுப்பினால் ‘எஃப்’ பிளாக்குக்கு 70 போய்ச் சேரும், அதுவும் சுத்தமாக. பொருள் அதே, விலை அதே, மாட்டிய இடம்தான் வேறு. சிக்னல் இரைச்சலுக்குப் பக்கத்தில் இறங்குவதற்கு முன்பே தூக்கிவிட வேண்டும், இறங்கிய பிறகு தூக்குவதில் பயனில்லை.

தொலைபேசிக்காரர்கள் இதைக் கேபிள் டிவி பிறப்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 1941-இல் பயன்பாட்டுக்கு வந்த எல்-1 என்ற கோஆக்சியல் வழித்தடத்தில் ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர். பின்னால் வந்த எல்-5 தடம் 60 மெகாஹெர்ட்ஸ் வரை சுமந்தது; அதில் 1.6 கிலோமீட்டருக்கு ஒன்று. அதிக அதிர்வெண் வேண்டுமென்றால் அடிக்கடி தூக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு வழியில்லை. 1956-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட டாட்-1 தொலைபேசிக் கேபிளில் ஒவ்வொரு திசைக்கும் 51 ஆம்ப்ளிஃபையர்களைக் கேபிளோடு சேர்த்தே கடலில் இறக்கினார்கள். அவ்வளவும் போட்டுக் கிடைத்தது 36 பேச்சுத் தடங்கள். 1981-இல் மதராசிலிருந்து பினாங்குக்கு இழுத்த கடலடித் தொலைபேசிக் கேபிளும் கோஆக்சியல்தான். இவர்கள் யாரும் அக்கரையில் பெரிய பூஸ்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவில்லை.

இனி சாய்வுக்கு வருவோம். நடுவழியில் மேல்ச் சானல் 70-இல் இருக்கும்போது கீழ்ச் சானல் 92-இல் நிற்கிறது. இரண்டையும் ஒரே அளவு 30 டிபி பெருக்கினால் கீழ்ச் சானல் 122 ஆகும். சாதாரண ஆம்ப்ளிஃபையர் அந்த அளவில் கதறும். ஒரு கேரியர் இன்னொன்றோடு கலந்து, இல்லாத அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். அவை நல்ல சானல்களின் மேல் போய் விழும். “பூஸ்டர் போட்ட பிறகு நன்றாக வந்த சானலும் போய்விட்டது” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். இதற்கு மருந்து ஈக்வலைசர். ஆம்ப்ளிஃபையருக்குள் சொருகும் கட்டைவிரல் அளவுத் துண்டு அது. கேபிள் மேல் அதிர்வெண்ணைக் குறைத்ததற்கு நேர் எதிராக, கீழ் அதிர்வெண்ணைக் குறைத்து எல்லாவற்றையும் சமதளமாக்கும். கேபிளின் நீளத்துக்குப் பொருந்தும் மதிப்பில் வாங்க வேண்டும். சில ஆம்ப்ளிஃபையர்களில் ‘ஸ்லோப்’ என்று ஒரு திருகே இருக்கும். கொட்டேஷனில் ஆம்ப்ளிஃபையர் இருந்து, ஈக்வலைசர் என்ற சொல்லே இல்லையென்றால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடலாம்.

ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கலாமா? ஒரே மாதிரி இரண்டு ஆம்ப்ளிஃபையரைத் தொடராகப் போட்டால் இரைச்சல் 3 டிபி கூடும், நான்கு போட்டால் 6 டிபி. உருக்குலைவு அதைவிட வேகமாக ஏறும்: இரண்டுக்கு 6, நான்குக்கு 12 வரை. தெருக் கம்பத்தில் தொங்கும் நல்ல டிரங்க் ஆம்ப்ளிஃபையர்கள் இதைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் பெட்டியில் கிடைக்கும் பூஸ்டர் ஒரு வீட்டுக்குச் செய்யப்பட்டது. அதை மூன்று அடுக்கி ஒரு பிளாக்குக்கு ஊட்ட நினைப்பது வீண்.

ஆக, மூன்று கொட்டேஷனிலும் இல்லாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது: பழைய ஆர்ஜி-6, நடுவழியில் ஈக்வலைசரோடு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர், கடைசியில் இன்னொரு ஈக்வலைசர். உருப்படியாக வேலை செய்யும் வழிகளில் இதுதான் மலிவு, கணக்கும் சரியாக வருகிறது. சங்கத்தில் உண்மையிலேயே பணம் இல்லையென்றால் இதைச் செய்யலாம். எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று, சென்னை வெயில். கேபிளின் இழப்பு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் ஏறும். மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை நடுமதியத்தில் மொட்டை மாடியில் கிடக்கும் கறுப்பு உறைக்கும் 35 டிகிரி வித்தியாசம் எளிதாக வரும். 60 டிபி இழக்கும் கேபிளுக்கு அது 4 டிபி. தை மாதம் திருகிச் சரிசெய்த ஆம்ப்ளிஃபையர் மே மாதம் சரியாக இருக்காது, தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏஜிசி இருந்தால் ஒழிய. இரண்டாவது, மின்சாரம். நடுவழி ஆம்ப்ளிஃபையருக்கு 230 வோல்ட் தர வேண்டும்; அது ஜெனரேட்டர் பேக்கப் உள்ள பொது லைனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்தடை வரும்போதெல்லாம் மூன்று பிளாக் ஒன்றாக இருட்டாகும். கோஆக்ஸ் வழியாகவே மின்சாரம் அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் இங்கே போட்டிருக்கும் ஆர்ஜி-6 எதுவென்று பார்த்துவிட்டு.

கேபிளை மாற்றினால்

கேபிளின் நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், அல்லது ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகுக் கம்பிமேல் செம்புப் பூச்சு. டிவி அதிர்வெண்ணில் அதனால் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் மின்னோட்டம் மேல் தோலில்தானே ஓடுகிறது. மின்சாரம் அனுப்பினால்தான் வித்தியாசம் தெரியும்: முழுச் செம்பு நடுக்கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 21 ஓம் தடை, எஃகுக்கு அதைப்போல நாலைந்து மடங்கு. சிசிடிவி வேலைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பழைய அனலாக் கேமராவின் படம் சில மெகாஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் மின்னோட்டம் கம்பிக்குள் ஆழமாக இறங்கும்; பூச்சு மெலிதாக இருந்தால் எஃகில்தான் ஓடும். கேமராவுக்கு ‘3+1’ கேபிள் வாங்குகிறவர்கள் ‘அலாய்’ வேண்டாம், செம்பு கொடுங்கள் என்று கேட்டு வாங்குவது வெறும் பிடிவாதம் இல்லை.

ஆர்ஜி-11 சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். நூறு மீட்டருக்கு 862 மெகாஹெர்ட்ஸில் 13 டிபி, 55-இல் 3 டிபிக்குச் சற்று மேல். 300 மீட்டரில் மேல்ச் சானல் 61-க்கு வரும், கீழ்ச் சானல் 90-இல் நிற்கும். ஆர்ஜி-6-இன் 40 எங்கே, இந்த 61 எங்கே! 21 டிபி லாபம், மின்சாரமும் வேண்டாம், இரைச்சலும் சேராது. தடித்த கேபிள் தரும் டிபி எல்லாமே சுத்தமான டிபி என்பதால், வேறு எந்தச் சாதனத்தையும்விட எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம்.

இருந்தும் இரண்டாவது கொட்டேஷன் முழுமையில்லை. 61 டிபி ‘எஃப்’ பிளாக்கின் மாடிக்கு வந்துவிட்டது, சரி. அங்கிருந்து இருபது வீட்டுக்குப் பிரிக்க வேண்டும். நாலு வழி ஸ்ப்ளிட்டர் 7, 8 டிபி எடுக்கும், எட்டு வழி 11 எடுக்கும். மாடியிலிருந்து தரைத்தளம் வரை இறங்கும் 40 மீட்டர் ஆர்ஜி-6 இன்னொரு 8. வீட்டுச் சுவரில் 35 டிபிதான் மிஞ்சும். அதனால் ஆர்ஜி-11 போட்டாலும் ‘எஃப்’ பிளாக்கில் ஈக்வலைசரோடு ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இங்கே அது கடைசி முனையில் இருந்தாலும் குற்றமில்லை, உள்ளே வருவது 61 என்பதால் இரைச்சலுக்கு 49 டிபி இடைவெளி இருக்கிறது. தாளில் கேபிளும் கூலியும் மட்டும்தான் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையர் பின்னால் ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும்.

இதைவிடத் தடிமனாக ‘500’ என்று அலுமினியக் குழாய் உறை போட்ட ஹார்டுலைன் உண்டு. 862-இல் நூறு மீட்டருக்கு 8 டிபிக்குள். ஆனால் அது வளையாது, அதற்கென்று தனிக் கனெக்டர், பழகிய கை வேண்டும். கார் பார்க்கிங் கூரையில் ஏற்கெனவே நெரிசலாக ஓடும் பைப்புகளுக்குள் அதைத் திணிப்பது நடக்காத காரியம். ஆர்ஜி-11-க்கே அந்தச் சிக்கல் உண்டு. பழைய முக்கால் இஞ்ச் பைப்பில் ஆர்ஜி-6 இரண்டு கிடந்தால் 10 மில்லிமீட்டர் கேபிள் நுழையாது. வளைவுகளில் பிடித்து இழுத்தால் உள்ளே நுரை நசுங்கி, அந்த இடத்தில் 75 ஓம் 75 ஆக இருக்காது, சிக்னல் மோதித் திரும்பும்.

கேபிள் எதுவாக இருந்தாலும் கனெக்டரில் கஞ்சத்தனம் கூடாது. திருகி மாட்டும் மலிவு எஃப்-கனெக்டர் சென்னைக் கடற்காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். கம்ப்ரஷன் வகைதான் நல்லது, அதற்கான கருவியோடு. வடகிழக்குப் பருவமழையில் கனெக்டர் வழியே இறங்கும் தண்ணீர், உறைக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னலுக்குள் தந்துகிபோல மீட்டர் கணக்கில் ஊர்ந்து போகும். மாடியில் கனெக்டருக்கு முன் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். பயன்படாத ஸ்ப்ளிட்டர் முனைகளில் 75 ஓம் மூடி போட வேண்டும். மொபைல் போன்கள் அலை அனுப்பும் 824–849 மெகாஹெர்ட்ஸ் நம் கேபிளின் மேல்ப் பட்டைக்குள்ளேயே விழுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னல் தளர்ந்த கேபிளுக்குப் பக்கத்தில் யாராவது போன் பேசினால் படம் உடைவது மாயமில்லை.

ஃபைபர்

மூன்றாவது தாள். வாசல் வரை வந்த ஒளியை அங்கேயே மின்னாக மாற்றி 300 மீட்டர் இழுப்பதற்குப் பதில், ஒளியாகவே பிரித்து ஒவ்வொரு பிளாக்குக்கும் அனுப்பி, அங்கே ஒரு சிறு நோடு வைப்பது. 1550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு ஃபைபர் ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டிபிதான் இழக்கும். 300 மீட்டர் என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. அதைவிட முக்கியம், 55 மெகாஹெர்ட்ஸுக்கும் 862-க்கும் அங்கே பேதமில்லை. சாய்வே கிடையாது, வெயில் காலம், குளிர்காலம் கிடையாது. மின்கடத்தி இல்லாததால் ‘ஏ’ பிளாக்கில் விழும் இடியின் அதிர்ச்சி ‘எஃப்’ பிளாக்குக்கு ஓடாது. ஐப்பசியில் இடி விழுந்து வரிசையாக எரிந்த ஆம்ப்ளிஃபையர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குறைகளும் இருக்கின்றன, கொட்டேஷன் கொடுத்தவர் அவற்றைச் சொல்லவில்லை. ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 10.5 டிபி எடுக்கும். வாசலில் ஆபரேட்டர் தருவது பிளஸ் 6 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் ஒளி அளவு) என்றால் பிரித்த பின் மைனஸ் 4.5 கிடைக்கும், பல சிறு நோடுகள் அதில் ஓடும். வாசலில் கிடைப்பதே பிளஸ் 1 என்றால் மைனஸ் 9.5-க்கு இறங்கும், அப்போது ஓடுவது சந்தேகம். அதனால் முதலில் வாசலில் பவர் மீட்டர் வைத்து அளந்த எண்ணை எழுத்தில் வாங்க வேண்டும். இதில் இன்னொரு விஷயம்: ஒளியில் 1 டிபி குறைந்தால் ஆர்எஃப்-இல் 2 டிபி குறையும். அழுக்கான ஒரு கனெக்டர், இறுக்கி மடித்த ஒரு வளைவு, இதெல்லாம் இரட்டிப்பாகத் தண்டனை தரும். பச்சை நிற எஸ்சி-ஏபிசி கனெக்டரை நீல நிற யூபிசி சாக்கெட்டில் சொருகுவதும் நடக்கிறது. ஒன்று சாய்வாகச் சீவியது, மற்றது நேரானது. ஒளி மோதித் திரும்பிப் படம் கெடும்.

நோடு வாங்கும்போதும் ஏமாறலாம். ஒரு வீட்டுக்கான சிறிய பெட்டியின் வெளியீடு 80 டிபிக்குள் நின்றுவிடும். இருபது வீட்டுக்கு ஊட்டவேண்டிய கட்டட நோடு 100-ஐத் தொட வேண்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையில்தான் தெரியும். அதற்கும் மின்சாரம் வேண்டும், ஆனால் ஒன்று நின்றால் ஒரு பிளாக் மட்டும்தான் நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை, ஆபரேட்டர் சம்மதிக்க வேண்டும். ஒளி அவருடையது. அவர் வாசலில் நோடு வைத்ததே, அதற்கப்பால் உள்ளது சங்கத்தின் தலைவலி என்று எல்லை போடத்தான். அந்த எல்லையை அவர் உள்ளே நகர்த்த வேண்டுமென்றால் பராமரிப்பு யாருடையது, ஸ்ப்ளைசிங் (இழைகளை ஒட்டிய இணைப்பு) உடைந்தால் யார் வருவார் என்பதையும் பேசி முடிக்க வேண்டும். ஃபைபரின் இன்னொரு லாபத்தைக் காட்டிச் சம்மதிக்க வைக்கலாம்: ஒவ்வொரு பிளாக்குக்கும் நாலு இழை, ஆறு இழை உள்ள கேபிள் போட்டால் கூடுதல் செலவு சொற்பம், மிச்ச இழைகளில் பிராட்பேண்ட், சிசிடிவி எல்லாம் பின்னால் ஓட்டலாம். அவருக்கும் அதில் வியாபாரம் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு டிடிஎச் டிஷ் வைத்துக்கொள்ளட்டும் என்று கமிட்டியில் ஒருவர் சொல்வார். அதுவும் ஒரு வழிதான். கேபிளின் நீளம் குறைவு என்றாலும் அதில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை என்பதால் 50 மீட்டர் ஆர்ஜி-6 மேல்முனையில் 15 டிபி போலத் தின்னும். ஐந்து மாடி இறங்குவதற்குப் பரவாயில்லை. நவம்பர் மழை கொட்டும்போது, செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் கேயூ பட்டை சிக்னல் சோர்ந்துவிடும். மொட்டை மாடி டிஷ் காடாகும். இருபது வீட்டுக்கு இருபது கேபிள் சுவரில் தொங்குவதைச் சகிக்க முடியுமா என்பது சங்கத்தின் ரசனை.

இப்போது கையெழுத்து. இந்தக் குடியிருப்புக்கு வாசலில் ஒளி அளவு பிளஸ் 5-க்கு மேல் இருந்து, ஆபரேட்டரும் ஒத்துக்கொண்டால் மூன்றாவது தாள். அதை ஆறு பிளாக்குக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ‘ஏ’, ‘பி’ பிளாக்குகள் வாசல் நோடிலேயே இருக்கட்டும், அங்கே எந்தக் குறையும் இல்லை. ‘டி’, ‘ஈ’, ‘எஃப்’ மூன்றுக்கும் மட்டும் ஃபைபர் போட்டால் செலவு பாதி குறையும், நாலாக (மூன்று பிளாக், ஒரு வாசல் நோடு) பிரித்தால் போதும் என்பதால் ஒளி இழப்பும் 7 டிபியோடு நிற்கும். ‘சி’ பிளாக் நடுவில் இருக்கிறது. அதற்கு ஆர்ஜி-11 ஒன்று, அவ்வளவுதான்.

ஆபரேட்டர் மறுத்தால் இரண்டாவது தாள், ஆம்ப்ளிஃபையரையும் ஈக்வலைசரையும் அதிலேயே சேர்த்து எழுத வைத்து. எதுவானாலும் வேலை முடிந்த அன்று டிபி மீட்டரோடு ‘எஃப்’ பிளாக் தரைத்தளத்தில், மாடியிலிருந்து மிகத் தூரமான வீட்டுச் சுவரில், கீழ்ச் சானல் ஒன்றையும் மேல்ச் சானல் ஒன்றையும் அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் 50-க்கு மேல், ஒன்றுக்கொன்று 10 டிபிக்குள், சிக்னலின் சுத்தத்தைச் சொல்லும் எம்இஆர் 30 டிபிக்குக் குறையாமல் இருந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம். மே மாதம் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, அதே சுவரில் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்பதையும் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.